இரண்டு அரிவாள், ஒரு துறவி: 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் மதிப்புரை

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் விதிநூலான 2024ஆம் ஆண்டுப் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை முழுமையாக மதிப்பிடுவது இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. 384 பக்கங்களும், 12 கிளாஸ்களும் (பாத்திரத்தின் தொழில் வகைகள்), கிளாஸ் ஒன்றுக்கு நான்காக 48 சப்கிளாஸ்களும் (அவற்றின் உட்பிரிவுகள்) கொண்ட அந்தப் புத்தகத்தை ஒரே ஒரு கேள்வியை வைத்து உரசிப் பார்ப்பதே என் விருப்பம். இரு கைகளிலும் ஆயுதம் ஏந்திப் போரிடும் ஒரு துறவியை இந்தப் புத்தகத்தைக் கொண்டு உருவாக்க முடியுமா, முடியுமென்றால் அதற்கான வழியைப் புத்தகம் ஒரு புதிய ஆட்டக்காரருக்குத் தெளிவாகக் காட்டுகிறதா என்பதே அந்தக் கேள்வி. முதல் பாதிக்கு என் பதில் 'முடியும், அதுவும் நன்றாகவே முடியும்' என்பது. இரண்டாம் பாதிக்கு 'காட்டவில்லை' என்பது.

இந்தக் கேள்வி எங்கள் மேசையில் எழுந்ததற்குக் காரணம் உண்டு. மதுரை அண்ணா நகரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் வாரக் கடைசியில் கூடி ஆடும் எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் இளைஞர்களில் பலரும் கேட்கும் முதல் பாத்திரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது: சட்டை அணியாத, தலை மழித்த, இரு கைகளிலும் அரிவாள் பிடித்த ஒரு சாமியார். கருப்பசாமியின் கையில் அரிவாளைப் பார்த்தே வளர்ந்த ஊரில் இந்த ஆசை வியப்புக்குரியதன்று. ஆனால் அந்த ஆசையோடு மாங்க் என்னும் துறவி கிளாஸைத் தேர்ந்தெடுத்து, ஆயுதப் பட்டியலில் இரண்டு வாள்களை வாங்கிக்கொண்டு சண்டையில் இறங்கும் தம்பி, முதல் சுற்றிலேயே ஏமாந்து போகிறார். எங்கள் குழுவில் ஒருவர் கேட்டதை அப்படியே தருகிறேன்: "அண்ணே, ரெண்டு கையிலயும் கத்தி இருக்கு, ஆனா ஒரு கைய எதுக்குண்ணே இந்தப் புத்தகம் கட்டிப் போட்டுருக்கு?"

அந்தத் தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்ல, ஒரு சுற்றில் ஒரு பாத்திரம் என்னென்ன செய்யலாம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு ஆக்‌ஷன், தகுதி இருந்தால் ஒரு போனஸ் ஆக்‌ஷன், அடுத்தவர் முறையின்போது பயன்படுத்த ஒரு ரியாக்‌ஷன் ஆகியவைதான், நகர்வது நீங்கலாக, ஒருவருக்குக் கிடைப்பவை. லைட் (எடை குறைந்தது) என்ற பண்பு கொண்ட ஆயுதத்தால் தாக்கியவர், மற்றக் கையிலிருக்கும் இன்னொரு லைட் ஆயுதத்தால் போனஸ் ஆக்‌ஷனில் ஒருமுறை தாக்கலாம்; ஆனால் அந்த இரண்டாம் அடியின் சேதத்தோடு, சுறுசுறுப்பைக் குறிக்கும் திறன் எண்ணான டெக்ஸ்டெரிட்டியின் கூட்டுத்தொகை, அதாவது அந்த எண்ணால் கூடுதலாகக் கிடைக்கும் மதிப்பு, சேராது. மாங்க் கிளாஸோ, அதே போனஸ் ஆக்‌ஷனில் கையாலோ காலாலோ ஒரு அடி கொடுக்க அனுமதிக்கிறது, அந்த அடியின் சேதத்தோடு கூட்டுத்தொகையும் சேர்கிறது. ஆகவே இரண்டு வழிகளும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டெக்ஸ்டெரிட்டி 17 உள்ள முதல் லெவல் (அனுபவத்தால் ஏறும் படிநிலை) மாங்குக்குக் கூட்டுத்தொகை 3. காலால் கொடுக்கும் அடிக்கு ஆறுமுகப் பகடை ஒன்றும் அந்த மூன்றும் சேர்ந்து சராசரி 6.5 வருகிறது. இரண்டாம் கையிலுள்ள ஷார்ட்ஸ்வோர்ட் என்னும் குறுவாளுக்குப் பகடை மட்டுமே என்பதால் சராசரி 3.5 மட்டுமே. அதாவது இரண்டாவது வாளை உறையிலிருந்து உருவும் ஒவ்வொரு சுற்றிலும் நம் துறவி மூன்று புள்ளிச் சேதத்தை இழக்கிறார். 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இதே முட்டுக்கட்டைதான் இருந்தது. அங்கே கையடிக்கு நான்முகப் பகடை என்பதால் இடைவெளி சற்றுக் குறைவு, அவ்வளவே. மாங்க் என்ற கிளாஸ் இந்த விளையாட்டில் முதன்முதலாக இடம்பெற்றது 1975இல் வந்த பிளாக்மூர் துணைநூலில். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து வந்த பதிப்பும் ஒரு மாங்கின் இடக்கைக்கு இப்படிப் பாராமுகம் காட்டுகிறதே என்று முதல் வாசிப்பில் எண்ணத் தோன்றும்.

ஆனால் புதிய பதிப்பு அந்த முட்டுக்கட்டையை உடைக்கும் கருவியையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது. வைத்திருக்கும் இடம்தான் வேறு. ஆயுதங்களைப் பற்றிய அத்தியாயத்தில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு மாஸ்டரி பண்பு, அதாவது அதற்கான தேர்ச்சி பெற்றவருக்கு மட்டும் பயன்படும் சிறப்பு, கொடுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் நிக் என்ற பண்பு, லைட் ஆயுதத்தின் கூடுதல் அடியைப் போனஸ் ஆக்‌ஷனிலிருந்து விடுவித்து, அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ளேயே சுற்றுக்கு ஒருமுறை சேர்த்துவிடுகிறது. குத்துவாள், சிறு சுத்தியல், கதிர் அரிவாள், சிமிட்டர் என்னும் வளைவாள் ஆகிய நான்குக்கும் இந்தப் பண்பு உண்டு. போனஸ் ஆக்‌ஷன் இப்படி விடுபட்டுவிட்டால், துறவி வலக்கையால் ஒரு அடி, இடக்கையால் ஒரு அடி, பின்னர் காலால் ஒரு அடி என்று மூன்றையும் ஒரே சுற்றில் கொடுக்கலாம். மாங்கின் சக்திக் கணக்கான ஃபோகஸ் புள்ளிகளில் ஒன்றைச் செலவிட்டு ஃப்ளரி ஆஃப் ப்ளோஸ் என்ற அடுக்கடியைக் கொடுத்தால் காலால் கொடுக்கும் அடி இரண்டாகும், பத்தாம் லெவலிலிருந்து மூன்றாகும்.

இங்கேதான் புத்தகத்தின் மீது எனக்குள்ள முக்கியமான குறை வருகிறது. ஃபைட்டர், பார்பேரியன், பாலடின், ரேஞ்சர், ரோக் என ஆயுதம் எடுக்கும் ஏனைய கிளாஸ்களுக்கெல்லாம் மாஸ்டரியைப் பயன்படுத்தும் உரிமை முதல் லெவலிலேயே கிடைக்க, மாங்குக்கு மட்டும் அது வழங்கப்படவில்லை. வழங்காமல் விட்டதில் ஒரு நியாயம் இருக்கலாம். வெறுங்கையே மாங்கின் ஆயுதம், அதை மேலும் ஆயுதத்தால் நிரப்ப வேண்டாம் என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருக்கக்கூடும். என் குறை விதியின் மீதன்று. மாங்க் அத்தியாயத்தில், லைட் பண்புள்ள கைப்போர் ஆயுதங்களெல்லாம் இனி மாங்க் ஆயுதங்களே என்று அறிவித்து, வளைவாளை இரு கைகளிலும் பிடிக்கலாம் என்ற ஆசையை ஊட்டிவிட்டு, அப்படிப் பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட எழுதாமல் விட்டதே குறை. கிளாஸ் ஓரிடத்தில், ஆயுதப் பண்பு வேறோரிடத்தில், அதைத் திறக்கும் சாவி ஃபீட் எனப்படும் தனித்திறன்களின் அத்தியாயத்தில் என்று மூன்றும் சிதறிக் கிடக்கின்றன. இந்த மூன்றையும் இணைத்துப் பார்ப்பவருக்கே வழி புலப்படும். மற்றவர் இரண்டு குறுவாள்களோடு நடுத்தெருவில் நிற்பார்.

சாவிகள் இரண்டு. முதலாவது, நான்காம் லெவலில் எடுக்கக்கூடிய வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட். அது டெக்ஸ்டெரிட்டியை ஒன்று உயர்த்துவதோடு, பயிற்சியுள்ள ஓர் ஆயுத வகையின் மாஸ்டரியையும் தருகிறது. 17இல் தொடங்கிய டெக்ஸ்டெரிட்டி 18 ஆகிக் கூட்டுத்தொகை நான்காகிவிடுவதால் இந்த ஃபீட்டை எடுப்பதில் நட்டமே இல்லை. இரண்டாவது, ஃபைட்டர் கிளாஸில் ஒரு லெவல் எடுப்பது. அந்த ஒரே லெவலில் மூன்று ஆயுதங்களின் மாஸ்டரி கிடைப்பதோடு, டூ வெப்பன் ஃபைட்டிங் என்ற போர்முறையையும் தேர்ந்தெடுக்கலாம். இடக்கையின் அடிக்குச் சேராமல் இருந்த கூட்டுத்தொகையை அது சேர்த்துவிடுகிறது. டூயல் வீல்டர் என்ற ஃபீட்டும் புத்தகத்தில் இருக்கிறது, பெயரைப் பார்த்தவுடன் இந்தப் பாத்திரத்துக்கென்றே எழுதியதுபோலத் தோன்றும். ஆனால் அது தரும் கூடுதல் அடி மறுபடியும் போனஸ் ஆக்‌ஷனையே விழுங்குவதால், காலடியை நம்பியிருக்கும் மாங்குக்கு அது பெயரளவில் மட்டுமே உறவு.

இரண்டு சாவிகளில் எது சிறந்தது என்று கேட்டால், ஆட்டம் எந்த லெவலில் தொடங்கி எதுவரை போகும் என்று திருப்பிக் கேட்பேன். முதல் லெவலில் ஃபைட்டராகத் தொடங்கி இரண்டாம் லெவலில் மாங்காக மாறுபவர், புள்ளி எதுவும் செலவிடாமலே ஒரு சுற்றில் மூன்று அடி கொடுக்கிறார். ஒவ்வொன்றும் சராசரி 6.5, எல்லாம் பட்டால் 19.5. இரண்டு லெவலும் மாங்காகவே இருப்பவர் இதே தொகையை எட்ட ஃபோகஸ் புள்ளி ஒன்றைச் செலவிட வேண்டும், அந்த லெவலில் அவரிடம் இருப்பதே இரண்டு புள்ளிதான். ஐந்தாம் லெவலில் நிலைமை தலைகீழாகிறது. ஐந்தையும் மாங்கிலேயே எடுத்தவருக்கு அட்டாக் ஆக்‌ஷனில் இரண்டு அடியும், எண்முகப் பகடையும் வந்துவிடுகின்றன. வெப்பன் மாஸ்டர் ஃபீட்டோடு, ஃப்ளரியும் சேர்த்து, எல்லா அடியும் பட்டால் 38.5 வருகிறது. ஒரு லெவலை ஃபைட்டருக்குக் கொடுத்தவர் அதே லெவலில் 30இலேயே நிற்கிறார். ஆறாம் லெவலில் மறுபடியும் தராசு மாறி, ஃபைட்டர் வழியில் வந்தவர் 42.5க்கு ஏறுகிறார், முழு மாங்க் 38.5இலேயே இருக்கிறார். ஆக, முதல் ஆறு லெவல்களில் ஃபைட்டர் வழி என்பது ஐந்தாம் லெவல் என்ற ஒரே ஒரு லெவலைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்க வேண்டிய வழி. இருபதாம் லெவலில் மாங்குக்குக் கிடைக்கும் உச்ச வரத்தையும் இந்த வழியில் போகிறவர் இழப்பார் என்றாலும், அந்த லெவல்வரை உயிரோடு இருக்கும் ஆட்டக்குழுக்கள் மிகக் குறைவு என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எண்களை விட்டுவிட்டுக் கதையாகப் பார்த்தாலும் எனக்கு ஃபைட்டர் வழியே பிடித்திருக்கிறது. முதல் லெவலில் தோல்கவசம் அணிந்து அரசனின் படையில் வாள் பிடித்தவர், இரண்டாம் லெவலில் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் துறவு பூணுகிறார். விதியும் அதையேதான் கேட்கிறது, ஏனெனில் கவசமோ கேடயமோ இருந்தால் மாங்கின் அடிப்படையான மார்ஷியல் ஆர்ட்ஸ் திறன் வேலை செய்யாது. போரில் சலித்துத் துறவியானவர், துறந்த பிறகும் கை பழகிய வித்தையை மறக்க முடியாதவர் என்ற முரண் நம் கதைமரபுக்கு அந்நியமானதன்று. ஒரு லெவல் ஃபைட்டர் என்பது இங்கே கணக்குக்காகச் செருகிய ஒட்டு அல்ல, அந்த மனிதரின் கடந்த காலம்.

ஆயுதத் தேர்வுக்கு வருகிறேன். இந்தப் புத்தகம் என்னை மிகவும் மகிழ்வித்த இடம் இதுதான். ஆயுதப் பட்டியலில் சிக்கிள் என்று ஒன்று இருக்கிறது. நெல் அறுக்கும் கதிர் அரிவாள். விலை ஒரு பொற்காசு, எடை இரண்டு பவுண்டு, சேதம் நான்முகப் பகடை. மற்ற எந்தக் கிளாஸ்காரரும் ஏறெடுத்துப் பார்க்காத இந்தக் கருவி மாங்கின் கையில் வேறொன்றாகிவிடுகிறது. மாங்க் ஆயுதம் எதுவாயினும் அதன் பகடைக்குப் பதிலாக மாங்கின் சொந்தப் பகடையை உருட்டலாம். ஐந்தாம் லெவலில் அது எண்முகம், பதினொன்றில் பத்துமுகம், பதினேழில் பன்னிருமுகம். வலிமைக்குப் பதில் டெக்ஸ்டெரிட்டியையும் பயன்படுத்தலாம். ஆகவே 25 பொற்காசு கொடுத்து வாங்கும் வளைவாளும், ஒரு பொற்காசுக் கதிர் அரிவாளும் துறவியின் கையில் ஒரே சேதத்தைத்தான் தருகின்றன. லைட் பண்பும் நிக் பண்பும் அரிவாளிலேயே இருக்கின்றன. இரண்டு அரிவாள் வாங்க இரண்டு பொற்காசு போதும். உடைமை சேர்க்காத துறவிக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் அந்தப் பட்டியல் முழுவதிலும் இல்லை. வெப்பன் மாஸ்டர் ஃபீட் ஒரே ஆயுத வகைக்கு மட்டுமே மாஸ்டரி தருவதால், இரு கைகளிலும் ஒரே வகை ஆயுதம் இருப்பது அந்த வழியில் செல்பவருக்கும் வசதி. இடக்கையில் இருப்பதற்கு நிக் செல்லுமா, வலக்கையில் இருப்பதற்கா என்ற வாக்குவாதமும் மேசையில் எழாது.

எங்கள் குழுவில் வீச்சரிவாளைக் கேட்பவர்களும் உண்டு. மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியிலிருக்கும் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்கே பேர்போன ஊர். அங்கே பட்டறையில் அடித்துத் தொங்கவிட்டிருக்கும் நீண்ட வீச்சரிவாளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு, அதன் கனமெல்லாம் நுனி வளைவை நோக்கி இழுப்பது தெரியும். ஒரு கையால் அதை வீசி நிறுத்துவதே பெரும்பாடு. இரு கைகளிலும் ஒவ்வொன்றைப் பிடித்து மாறி மாறி வீசுவது சினிமாவில் நடக்கலாம். விளையாட்டின் விதி லைட் என்ற பண்பை வைத்திருப்பதும் இதற்காகவே. வீச்சரிவாள்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கும் ஆட்டக்காரருக்கு, வளைவாளின் விதியை எடுத்துக்கொண்டு தோற்றத்தை மட்டும் அரிவாளாகச் சொல்லிக்கொள்ளும்படி ஆட்டத்தை நடத்தும் எங்கள் டிஎம் அனுமதிக்கிறார். 2014ஆம் ஆண்டுப் புத்தகத்திலேயே மாங்க் பகுதியில், காமா என்னும் ஜப்பானிய அரிவாளைக் கதிர் அரிவாளின் விதிப்படியும், சங்கிலியால் இணைத்த இரு கட்டைகளான நுன்சாக்குவைத் தடியின் விதிப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்று குறிப்பு இருந்தது. காமாவுக்குப் பொருந்திய சலுகை திருப்பாச்சேத்திக்குப் பொருந்தாமல் போகாது.

விதிகள் இரட்டை ஆயுதத்தைப் பார்க்கும் பார்வையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எங்கள் தெருவில் சிலம்பம் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர், மாடியில் நாங்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, இரண்டு கம்பு வைத்திருப்பவன் இரண்டாலும் அடிக்கிறான் என்று நாங்கள் சொன்னதற்குச் சிரித்தார். "ரெண்டையும் வச்சு அடிக்கவே போனா நீ செத்தடா தம்பி. ஒண்ணு வாங்கணும், ஒண்ணு குடுக்கணும்" என்றார். இரண்டு கையிலும் பேனாக்களைப் பிடித்துக்கொண்டு, இடக்கைப் பேனாவைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்து என் கையின் வீச்சை நிறுத்தி, அதே நொடியில் வலக்கைப் பேனாவால் என் விலாவைத் தொட்டும் காட்டினார். எந்தக் கை தடுத்தது, எந்தக் கை குத்தியது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. இரட்டைக் கம்பின் பலமே இந்தத் தடுப்பில்தான் இருக்கிறது.

விளையாட்டில் இந்தத் தடுப்புக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அது இரண்டாம் ஆயுதத்தின் பெயரில் இல்லை. பழைய பதிப்பின் டூயல் வீல்டர் ஃபீட், இரு கைகளிலும் ஆயுதம் வைத்திருப்பவரின் காப்பு எண்ணை (அவர்மீது அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) ஒன்று உயர்த்தியது. அந்த ஒன்றையும் புதிய பதிப்பு எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக மாங்குக்கு மூன்றாம் லெவலில் டிஃப்லெக்ட் அட்டாக்ஸ் என்ற திறன் கிடைக்கிறது. வெட்டோ குத்தோ மொத்தடியோ படும்போது ரியாக்‌ஷனைச் செலவிட்டு, பத்துமுகப் பகடையோடு டெக்ஸ்டெரிட்டிக் கூட்டுத்தொகையையும் மாங்க் லெவலையும் கூட்டி, அவ்வளவு சேதத்தைக் குறைக்கலாம். சேதம் பூச்சியமாகிவிட்டால் ஒரு ஃபோகஸ் புள்ளி கொடுத்து அந்த அடியை எதிரி மீதே திருப்பிவிடவும் முடியும். பழைய பதிப்பில் இது அம்பு போன்ற எறிபடைகளுக்கு மட்டுமே செல்லுபடியாகி, பிடித்துத் திருப்பி எறிவதற்கு வெறுங்கை ஒன்றும் வேண்டியிருந்தது. இப்போது நேருக்கு நேர் வரும் வெட்டுக்கும் செல்லும், கை காலியாக இருக்க வேண்டியதும் இல்லை. வாத்தியார் காட்டிய 'ஒண்ணு வாங்கணும்' என்பதை எங்கள் மேசையில் இந்தத் திறனை வருணித்தே நிறைவேற்றிக்கொள்கிறோம்: இடக்கை அரிவாள் எதிரியின் வாளைக் கொக்கி போட்டு இழுக்கிறது, வலக்கை அரிவாள் பதில் சொல்கிறது. புத்தகமே இதை ஓர் உதாரணமாக எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இரு கையும் நிறைந்திருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. கையடி என்று விதி சொல்வது உதை, முழங்கை, தலைமுட்டு எல்லாவற்றையும் உள்ளடக்கியது என்பதால், அரிவாள்களைக் கீழே வைக்காமலே ஃப்ளரி செய்யலாம். எதிரியைத் தள்ளிவிடவும் செய்யலாம். ஆனால் எதிரியைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒரு கை காலியாக இருந்தாக வேண்டும். புதிய பதிப்பில் மாங்க் தன் வலிமைக்குப் பதிலாக டெக்ஸ்டெரிட்டியைக் கொண்டே மல்லுக்கட்டலாம் என்பது பெரிய வரம். இரட்டை அரிவாள்காரர் அதைக் கைவிட்டே ஆக வேண்டும், அல்லது நடுவில் ஒரு அரிவாளை இடுப்பில் செருக வேண்டும். ஐந்தாம் லெவலில் வரும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் என்ற, எதிரியைத் திகைக்கவைக்கும் அடியும் இப்போது சுற்றுக்கு ஒரு முறைதான் என்பதால், அடிகளின் எண்ணிக்கை கூடுவது அதில் அவ்வளவாக உதவாது. ஓர் அடியாவது படுவதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, அதோடு சரி.

மாங்கின் நான்கு சப்கிளாஸ்களில் இந்தப் பாத்திரத்துக்கு ஓப்பன் ஹேண்ட் ஒன்றையே பரிந்துரைப்பேன். ஃப்ளரியின் ஒவ்வொரு உதைக்கும் எதிரியைக் கீழே வீழ்த்துதல், 15 அடி தூரம் தள்ளுதல் போன்ற பலன் சேர்வதால், அரிவாள்கள் காயப்படுத்தக் கால்கள் களத்தை ஒழுங்குபடுத்தும். மெர்சி சப்கிளாஸும் பொருந்தும், குணப்படுத்தும் துறவி என்ற கற்பனைக்கு இடமிருப்பதால். மற்ற இரண்டும் இருட்டையும் பஞ்சபூதங்களையும் நோக்கி வேறு திசையில் செல்பவை.

தொடக்க எண்களையும் பின்னணியையும் அமைப்பதில் புத்தகம் புதிய ஒழுங்கைக் கொண்டுவந்திருக்கிறது. திறன் எண்களின் உயர்வு இனத்திலிருந்து பிரிக்கப்பட்டு, பேக்கிரவுண்ட் எனப்படும் முன்வாழ்க்கையோடு இணைக்கப்பட்டுள்ளது. மாங்குக்கு வேண்டியவை டெக்ஸ்டெரிட்டியும், விவேகத்தைக் குறிக்கும் விஸ்டமும். பதினாறு பின்னணிகளில் கைட், வேஃபேரர், ஸ்கிரைப், செய்லர் ஆகிய நான்கில் இவ்விரண்டும் ஒன்றாக வருகின்றன. துறவிக்கென்றே பெயர் கொண்ட ஹெர்மிட்டிலும், கோயில் ஊழியரான அக்கோலைட்டிலும் டெக்ஸ்டெரிட்டி இல்லை என்பது சற்று வேடிக்கை. நான் கைட் என்ற வழிகாட்டிப் பின்னணியை எடுத்து, 27 புள்ளிகளைப் பங்கிடும் முறையில் டெக்ஸ்டெரிட்டி 17, விஸ்டம் 16, கான்ஸ்டிடியூஷன் (உடலுறுதி) 14 என்று அமைத்தேன். கவசமில்லாமலே காப்பு எண் 16 வந்துவிடுகிறது. வலிமையும் அறிவும் எட்டில் நிற்கும். மலைமேல் தனியே இருப்பவருக்கு அது போதும்.

மலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தின் மாங்க் அத்தியாயம் மடம், குருகுலம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பழைய பதிப்பில் கி என்றிருந்த சக்திப்புள்ளி இங்கே ஃபோகஸ் என்று பெயர் மாறியிருப்பதும், கிழக்காசியச் சாயல் ஒன்றையே கட்டாயமாக்காமல் விட்டதும் நல்ல மாற்றம். நமக்குத் தோதான நிலத்தை நாமே நட்டுக்கொள்ளலாம். எங்கள் கதையில் அந்த மடம் மதுரைக்கு அருகே சமணர் மலை இருக்கும் கீழக்குயில்குடியைப் பார்த்து எழுதியது. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே பாறைச்சரிவில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டுகள். கொல்லாமையை விரதமாகக் கொண்ட சமணரின் மலையில் அரிவாள் ஏந்திய துறவியை உட்கார வைப்பது வரலாற்றுக்கு முரண் என்பது எங்களுக்குத் தெரியாததன்று. அதனாலேயே எங்கள் பாத்திரம் மலைமேல் இருப்பவர்களின் மடத்தைச் சேர்ந்தவரல்லர். அடிவாரத்தில் காவலிருந்து, மேலே ஏறும்போது அரிவாள் இரண்டையும் ஆலமர வேரில் சார்த்திவிட்டுப் போக வேண்டியவர். சண்டை எப்போது வந்தாலும் அவர் மேலே இருக்கிறாரா கீழே இருக்கிறாரா என்பது டிஎம் கையிலிருக்கும் துருப்புச்சீட்டு.

புத்தகத்தின் அமைப்பைப் பொறுத்தவரை, கிளாஸ் அத்தியாயங்கள் அழகானவை. ஒவ்வொரு சப்கிளாஸுக்கும் வண்ணப்படம் இருக்கிறது, லெவல் அட்டவணை ஒரே பார்வையில் விளங்குகிறது. கடைசியிலுள்ள விதிச் சொல்லகராதி இந்தப் பதிப்பின் மிகச் சிறந்த சேர்க்கை. சண்டை நடுவில் ஒரு சொல்லுக்கு விளக்கம் தேட வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. ஆனால் ஒரு கிளாஸை ஆயுதப் பண்போடும் ஃபீட்டோடும் இணைத்துக்காட்டும் குறுக்குக் குறிப்புகள் போதவில்லை என்பதை மேலே சொன்ன உதாரணம் காட்டும்.

வெளியானபோது அமெரிக்க விலை 49.99 டாலர். இங்கே வந்து சேரும்போது இறக்குமதிச் செலவும் சேர்ந்து, கல்லூரி மாணவருக்குக் கனமான தொகையாகிவிடுகிறது. ஒருவர் வாங்கிக் குழுவே படிப்பதுதான் எங்கள் வழக்கம். அதையும் வாங்க இயலாதவர்களுக்கு, 2025 ஏப்ரலில் வெளியான எஸ்ஆர்டி 5.2 என்ற விதித்தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இந்தப் பாத்திரத்தைப் பொறுத்தவரை அதன் நிலை சுவையானது. மாங்க் கிளாஸும், ஓப்பன் ஹேண்ட் சப்கிளாஸும், நிக் பண்பும், டூ வெப்பன் ஃபைட்டிங் போர்முறையும் அதில் இருக்கின்றன. வெப்பன் மாஸ்டர் ஃபீட் இல்லை. ஆகவே இலவசத் தொகுப்பைக் கொண்டு ஆடுபவருக்கு ஃபைட்டர் வழி ஒன்றுதான் திறந்திருக்கிறது, அதுவோ முதல் ஆறு லெவல்களில் ஐந்தாவதைத் தவிர எதிலும் பின்தங்காத வழி. பின்னணிகள் நான்கு மட்டுமே என்பதும், அவற்றில் டெக்ஸ்டெரிட்டியும் விஸ்டமும் ஒன்றாக வரும் பின்னணி ஒன்றுகூட இல்லை என்பதும் குறை. சோல்ஜர் என்ற படைவீரர் பின்னணியை எடுத்துக்கொண்டு டெக்ஸ்டெரிட்டியையும் கான்ஸ்டிடியூஷனையும் உயர்த்திக்கொள்வது ஓரளவுக்கு ஈடாகும், கதைக்கும் அது பொருந்தும்.

அந்தத் தொகுப்பு, உரியவர் பெயரைக் குறிப்பிட்டால் யாரும் மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்திருப்பதால், மாங்க், ஃபைட்டர் இரண்டின் முதல் ஆறு லெவல்களையும் லைட், நிக் ஆகியவற்றின் விதிகளையும் தமிழில் ஒரே தாளில் எழுதி, சிம்மக்கல்லில் நகலெடுத்து மேசையில் வைத்திருக்கிறோம். இரட்டை அரிவாளோடு வரும் அடுத்த தம்பிக்கு அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுகிறோம். 384 பக்கப் புத்தகத்தை அவர் இரண்டாம் லெவலுக்கு வந்த பிறகு புரட்டிக்கொள்ளலாம்.